மாலைப் பெரட்டு

“டிசம்பர் 10, ஞாயிறு. மாலைப் பெரட்டு. எல்லாரும் இருக்காங்க.”

நாட்காட்டிக் கட்டத்துக்குள் நீல மையில் இருக்கும் இந்த வரி என் அக்கா எழுதியது. அதற்குக் கீழே அதே கையெழுத்தில், வேறு பேனாவால், ஒரே ஒரு சொல்: “இல்லை.”

தாளின் மேல்பகுதி கிடையாது. முகாம் சமையற்கட்டில் மசாலா டின்கள் வைக்கும் பலகையில் விரிப்பதற்காக யாரோ அளவு பார்த்து வெட்டியிருக்கிறார்கள். வெட்டுப்பட்ட துண்டோடு ஆண்டும் போய்விட்டது. டிசம்பர் பத்து ஞாயிற்றுக்கிழமையில் விழுந்த ஆண்டுகள் பல உண்டு. ஆனால் இந்தத் தாளில் கிறிஸ்துமஸுக்கு இரண்டு கட்டம் தள்ளி நோன்புப் பெருநாளும் சிவப்பு மையில் அச்சாகியிருக்கிறது. அப்படிப் பொருந்துவது 2000 மட்டுமே.

உண்மையில் இந்தக் கணக்கு எனக்குத் தேவைப்படவில்லை. அந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். இருந்தும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பழைய ஆண்டுகளின் பெருநாள் தேதிகளைத் தேடிக்கொண்டு ஒரு முழுக் காலையைக் கழித்தேன். எழுத வேண்டிய கட்டுரையைத் தள்ளிப்போட அது ஒரு வழி.

கட்டுரை, எங்கள் குடும்பம் நடத்தும் பிள்ளைகள் முகாமின் வரலாறு. முகாம் மலருக்காக அதை எழுதும்படி கேட்டவள் அக்காவின் மகள். கேட்ட கையோடு ஒரு நிபந்தனையும் வைத்தாள்.

“அந்த நாள மட்டும் எழுதாதீங்க மாமா.”

நான் எழுதப்போகிறேன் என்று தெரிந்ததும் ஈப்போவை ஒட்டிய லகாட்டிலிருந்து அக்கா கூப்பிட்டாள். அவளுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது.

“அத எழுதலன்னா எதையும் எழுதாத, தம்பி.”

முகாம் தொடங்கிய காலத்தில் அக்கா லகாட்டில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. அத்தான் பள்ளி வேன் ஓட்டினார். ஆண்டிறுதி விடுமுறை வந்தால் இருவருக்கும் வேலை இருக்காது. வேனில் ஏறும் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கோ தொழிற்சாலைகளில் விடுமுறை இருக்காது. பிள்ளைகள் அடுக்குமாடி வீடுகளில் பூட்டிய கிரில் கதவுக்குப் பின்னால் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். அவர்களைச் சுங்காய்க்கு அழைத்துப் போகலாமா என்று முதலில் கேட்டது அத்தான். சுங்காய்ப் பக்கம் அவர் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டபோது, அவருடைய அப்பா ஓரமாக இரண்டு ஏக்கர் வாங்கிப் போட்டிருந்தார். சுற்றிலும் இருந்த கித்தா என்னும் ரப்பர் மரங்கள் எல்லாம் விழுந்து செம்பனை வந்துவிட்டது. அந்த இரண்டு ஏக்கரில் மட்டும் பழ மரங்களும், அத்தானே கட்டிய தகரக் கொட்டகை ஒன்றும், பின்னால் ஒரு சின்ன ஓடையும் இருந்தன.

முதல் முகாமுக்கு ஒரு வேன் நிறையப் பிள்ளைகள் போனார்கள். அடுத்த ஆண்டு இரண்டு நடை அடிக்க வேண்டியிருந்தது. நான்காவது முகாமுக்குள் தெலுக் இந்தானிலிருந்துகூடப் பிள்ளைகள் வரத் தொடங்கிவிட்டார்கள். நான் ஈப்போவிலிருந்து வார இறுதியில் அரிசியும் காய்கறியும் கொண்டுபோவேன். இரவு தங்கி மறுநாள் திரும்புவேன். முகாமில் என் பங்கு அவ்வளவுதான்.

பெரட்டு என்பது தோட்டத்துச் சொல். விடியும் முன் வேலையாட்களைக் கூட்டி, தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர் வாசித்து, யார் எந்தப் பக்கம் பால் மரம் வெட்டப் போக வேண்டும் என்று பிரித்துவிடுவது. பெயர் வாசிக்கும்போது ஆள் இல்லாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. முகாமில் பிள்ளைகளைக் கூட்டுவதற்கும் அத்தான் அந்தப் பெயரையே வைத்தார். ரம்புத்தான் மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, போல்ட்டால் தட்டுவார். காலைப் பெரட்டு உடற்பயிற்சிக்கு. மாலைப் பெரட்டு ஆள் இருக்கிறதா என்று பார்க்க.

அந்த மாலைப் பெரட்டுக்கு ஒரு விதி உண்டு. முகாமுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே ஒரு ஜோடி. பெயர் வாசித்தால் அந்தப் பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. ஜோடிதான் “இருக்கா” என்றோ “இருக்கான்” என்றோ சொல்ல வேண்டும். தன் பெயருக்குத் தானே பதில் சொன்னால் மொத்தக் கூட்டமும் “ஒன்னய யாரு கேட்டா?” என்று கத்தும். புதிதாக வரும் பிள்ளைகள் முதல் மாலை வரிசையாக மாட்டிக்கொள்வார்கள். மூன்றாம் நாள் யாரும் தவறுவதில்லை. நம் பெயரைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்பவளை நம்பிக் காத்திருப்பது சின்னப் பிள்ளைகளுக்கு அவ்வளவு சுலபமில்லை. நான் ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன். சிலர் உதட்டைக் கடித்துக்கொள்வார்கள்.

அந்த ஆண்டு அக்காவின் மகளுக்கு ஒன்பது வயது. ஆசிரியையின் மகள் என்று சலுகை எதுவும் கிடையாது. தெலுக் இந்தானிலிருந்து வந்த ஒரு பெண் பிள்ளையோடு ஜோடி போட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை ஒரு வயது மூத்தவள். அவளுடைய அம்மாவுக்கு அது பிள்ளைப்பேறு நேரம். முகாம் முடிவதற்குள் வீட்டில் தம்பியோ தங்கையோ வந்திருக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். முகாமில் தொலைபேசி இல்லை. அத்தானிடம் இருந்த கைத்தொலைபேசி அந்தச் செம்பனைக் காட்டுக்குள் வேலை செய்யாது. சிம்பாங்கில், அதாவது தோட்டத்து மண் சாலை பெருஞ்சாலையைத் தொடும் இடத்தில், ஒரு சீனர் காப்பிக் கடையும் அதன் வாசலில் பொதுத் தொலைபேசியும் இருந்தன. ஞாயிறு காலை அந்தப் பிள்ளை அக்காவிடம் வந்து, வீட்டுக்குப் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். நாளைக்கு வேன் அந்தப் பக்கம் போகும்போது கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறேன் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

அன்று மாலை பெரட்டை நானும் பார்த்தேன். அக்கா பெயர்களை வாசித்தாள். பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தெலுக் இந்தான் பிள்ளையின் பெயர் வந்தபோதும் “இருக்கா” என்று ஒரு குரல் வந்தது, தெளிவாக, தயங்காமல். அக்கா தலையை நிமிர்த்தவில்லை. அந்த விதியே அதற்குத்தானே. பதிலை நம்பினால் போதும், முகத்தைத் தேட வேண்டியதில்லை. அக்கா கொட்டகைக்குள் போய் நாட்காட்டியில் எழுதிவிட்டு, சமையற்கட்டுக்கு வந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில், வெளிச்சம் முழுக்கப் போகாத வேளையில், அக்காவின் மகள் இரண்டு தட்டு வாங்கினாள். ஒன்றைத் தன் முன்னாலும் இன்னொன்றைப் பக்கத்திலும் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். குழம்பு ஊற்றிக்கொண்டு வந்த அக்கா அந்தத் தட்டுக்கு முன்னால் நின்றாள்.

“இது யாரு தட்டு?”

“அவளோடது.”

“அவ எங்க?”

“இருக்கா.”

“எங்க இருக்கா?”

பிள்ளை பக்கத்துத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அக்கா குழம்பு வாளியைத் தரையில் வைத்தாள். வைத்த சத்தம் கேட்டு அத்தான் திரும்பிப் பார்த்தார். அந்த இடத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். கையைக் கழுவாமல் வேன் சாவியை எடுத்தார்.

எங்கே போனாள் என்று அக்காவின் மகளுக்குத் தெரியாது. ‘சோத்துக்குள்ள வந்துருவேன், இருக்கான்னு சொல்லிரு’ என்று மட்டும் கேட்டுக்கொண்டு போயிருக்கிறாள். தன் பெயர் வந்தபோது அக்காவின் மகள் குரலை மாற்றித் தானே பதில் கொடுத்திருக்கிறாள். அத்தான் வேனை எடுத்துக்கொண்டு மண் சாலையில் போனார். நான் டார்ச் விளக்கோடு ஓடைப் பக்கம் போனேன்.

செம்பனைக்கு அடியில் பொழுது முன்னதாகவே சாய்ந்துவிடும். மட்டைகள் மேலே கூடிவிடுவதால் வானத்தில் மிச்சமிருக்கும் வெளிச்சம் கீழே வராது. ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்குப் போனால் போன இடமும் வந்த இடமும் ஒன்றாகவே தெரியும். அந்தப் பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டேன். கூப்பிட்டுக் கூப்பிட்டு, அது பெயர் மாதிரியே இல்லாமல் போயிற்று. முந்தின நாள் மழையில் ஓடை கலங்கி, வழக்கத்தைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. கரையில் ஒரு செருப்பு கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். பெரிய ஆள் செருப்பு, பழசு, பாசி பிடித்தது. இருந்தும் அதைக் கையிலிருந்து கீழே போட எனக்கு மனம் வரவில்லை.

பிறகு தண்டவாளத் துண்டு அடிக்கிற சத்தம் கேட்டது. விட்டு விட்டு அல்ல, தொடர்ந்து, கண்மண் தெரியாமல். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியாமல் செருப்போடு ஓடினேன்.

அத்தான் அந்தப் பிள்ளையோடு திரும்பியிருந்தார். அவள் காப்பிக் கடையில் இருந்திருக்கிறாள். கடைக்கார அம்மா அவளை நாற்காலியில் உட்கார வைத்து, மிலோ கலக்கிக் கொடுத்து, யாராவது தேடி வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பிள்ளை கையில் ஒரே ஒரு நாணயம். போடுவதும், மணி அடிப்பதும், யாரும் எடுக்காமல் நாணயம் திரும்பி விழுவதும், மறுபடி போடுவதுமாக இருட்டும்வரை நின்றிருக்கிறாள். வீட்டில் யாரும் இல்லை, எல்லாரும் மருத்துவமனையில். மறுநாள் காலை அத்தான் அவளைத் தெலுக் இந்தானுக்குக் கொண்டுபோனார். தம்பி பிறந்திருந்தான்.

அக்கா தன் மகளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. நாட்காட்டியில் அந்த ஒரு சொல்லை எழுதியதைத் தவிர அதைப் பற்றி அவள் வேறு எதுவும் சொன்னதாக எனக்குத் தெரியாது. மகள் மறுநாளிலிருந்து பெரட்டில் நிற்கவில்லை. அதற்கடுத்த ஆண்டுகளில், தண்டவாளம் அடித்ததும் சமையற்கட்டுக்குப் போய் வெங்காயம் உரிப்பாள். வளர்ந்து, படித்து, ஈப்போவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலைக்குப் போன பிறகும் ஒவ்வொரு முகாமுக்கும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். மாலையில் மட்டும் வெங்காயம் உரித்தாள். அத்தான் இறந்த ஆண்டிலும் அப்படியே.

பெருந்தொற்று முகாமை நிறுத்தியது. திரும்பத் தொடங்கியபோது பள்ளி ஆண்டே இடம் மாறியிருந்தது. டிசம்பரில் இருந்த நீண்ட விடுமுறை ஆண்டின் தொடக்கத்துக்குப் போயிற்று. நாங்களும் முகாமைத் தள்ளிப் போட்டோம். பிறகு பள்ளி ஆண்டைப் பழையபடி ஜனவரிக்குக் கொண்டுவர முடிவானதால், 2025இல் நீண்ட விடுமுறை இரண்டு முறை வந்தது. ஆண்டின் முதல் முகாமில் அக்கா குளியலறைப் பக்கம் ஈரத்தில் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாள். அடுத்தது ஓர் ஆண்டு கழித்து என்றால் ஆறிவிடும். இதுவோ அதே டிசம்பரில். அக்கா நடத்த முடியாது. மகள் நடத்தினால் நடக்கும், இல்லாவிட்டால் முகாம் அதோடு நின்றுவிடும்.

நடத்துகிறேன் என்று மகள் சொன்னாள். ஆனால் பெரட்டு வேண்டாம் என்றாள். ஒவ்வொரு பிள்ளை கையிலும் எண் போட்ட பட்டை. பெரியவர்கள் அவ்வப்போது தாங்களே எண்ணுவார்கள். யாரும் யாருக்காகவும் பதில் சொல்லத் தேவையில்லை. லகாட் வீட்டில் அவள் இதைச் சொன்னபோது நான் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தேன். அக்கா கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டியிருந்தாள்.

“நம்பர் கட்டுறதுக்கு அது என்ன கோழிப் பண்ணையா?”

“கோழிய யாரும் தொலைக்க மாட்டாங்கம்மா. எண்ணித்தான் அடைப்பாங்க.”

“பெரட்டு இல்லன்னா அது முகாமே இல்ல. ஒங்கப்பா வெச்சது.”

“அப்ப அப்பா வந்து நடத்தட்டும் லா.”

சொல்லிவிட்டு அவளே எழுந்து வெளியே போனாள். அக்கா என்னைப் பார்த்தாள், நான் காப்பியைப் பார்த்தேன்.

அதன்பின் பல மாதம் இருவரும் என் வழியாகத்தான் முகாமைப் பற்றிப் பேசினார்கள். அக்கா காலையில் கூப்பிடுவாள், மகள் மதிய உணவு நேரத்தில் கூப்பிடுவாள். பெற்றோர்கள் வாட்ஸ்அப்பில் இந்த டிசம்பர் உண்டா இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் வரலாற்றை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். அந்த நாளைச் சேர்த்து எழுதிய படி ஒன்று, சேர்க்காத படி ஒன்று. சேர்க்காத படியைப் படித்தால் பெரட்டு ஓர் அழகான விளையாட்டு மாதிரி இருந்தது. சேர்த்த படியைப் படித்தால் அது ஒரு முட்டாள்தனம் மாதிரி இருந்தது. இரண்டும் உண்மையில்லை. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காரை எடுத்துக்கொண்டு எந்தக் காரணமும் இல்லாமல் சுங்காய்வரை போய், பூட்டிக் கிடந்த கொட்டகையைச் சுற்றி நடந்துவிட்டு வந்தேன். அப்படிப் போன ஒரு நாள் சமையற்கட்டைத் திறந்தபோதுதான் அந்த நாட்காட்டித் தாள் பலகையில் கண்ணில் பட்டது.

அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் வேனில் போகும்போது, ஜோடி பதில் சொல்லும் விதியை எங்கே பிடித்தீர்கள் என்று அத்தானிடம் கேட்டிருந்தேன். தன் அம்மாவின் பெரட்டிலிருந்து என்றார். கைப்பிள்ளைக்காரிகள் சில நாள் நேரத்துக்கு வர முடியாதாம். இருட்டில் கிராணி பெயர் வாசிக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரி குரலை மாற்றி ‘இருக்கேன்’ என்று பதில் கொடுத்துவிடுவாளாம். வர வேண்டியவள் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, நேரே மரத்துக்கு ஓடிவிடுவாளாம். சம்பளம் போகாது. அதைத்தான் நான் மாத்தி வெச்சிருக்கேன் என்று அத்தான் சிரித்தார்.

அன்று அது எனக்கு ஒரு சுவையான துணுக்கு மட்டும். இப்போது சமையற்கட்டில், ஏலக்காய் மணக்கும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். அத்தான் சொன்னது சரியென்றால், அந்த வழக்கம் ஆள் இருப்பதைக் காட்டப் பிறந்ததே இல்லை. இல்லாத ஆளை மறைத்துக் காப்பாற்றப் பிறந்தது. ஒன்பது வயதில் அக்காவின் மகள் செய்தது அதைத்தான்.

ஈப்போவுக்குத் திரும்பியதும் அவள் அலுவலகத்துக்குப் போய்க் கூப்பிட்டேன். பக்கத்து ஒட்டுக்கடையில் தே தாரேக் என்னும் பால் தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு, அத்தான் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் கண்ணாடிக் குவளையை மேசையில் சுழற்றினாள்.

“அப்பா ஏன் எனக்கு இத சொல்லல?”

தெரியவில்லை என்றேன்.

“அந்தப் பொம்பளைங்க மரத்துக்குப் போயிட்டாங்க மாமா. எங்க போனாங்கன்னு பதில் சொன்னவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியல. அதான் வித்தியாசம்.”

குடித்து முடித்ததும், அம்மாவிடம் இதை இப்போது சொல்ல வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன் என்றாள். என்ன பேசினார்கள் என்று இருவரும் எனக்குச் சொல்லவில்லை. அடுத்த வாரம் பெற்றோர் குழுவில் முகாம் உண்டு என்று செய்தி வந்தது. தேவையான பொருள்களின் பட்டியலில் குடை, துண்டு, கொசு மருந்து. கைப்பட்டை முகாமிலேயே தரப்படும்.

டிசம்பர் முகாமின் முதல் மாலை தூறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் எல்லார் கையிலும் ஆரஞ்சு நிறப் பட்டை. அக்கா கொட்டகை ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சமையற்கட்டில் வெங்காயத்தை நான் உரித்தேன். தண்டவாளம் அடிக்கும் சத்தம் கேட்டுக் கத்தியோடு வெளியே வந்தபோது, போல்ட்டைக் கையில் பிடித்தபடி ரம்புத்தான் மரத்தடியில் அக்காவின் மகள் நின்றாள்.

புதுப் பிள்ளைகளுக்கு விதியைச் சொன்னாள். உன் பெயரைக் கூப்பிட்டால் நீ பேசக் கூடாது, உன் ஜோடிதான் பேச வேண்டும். இதுவரை அது பழைய விதி. அதற்கு மேல் ஒன்று சேர்த்தாள்: சொல்கிறவர், ஜோடியின் தோளில் கை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

பாதிப் பெயர்கள் ஒழுங்காகப் போயின. ஒரு பெயருக்கு “இருக்கான்” என்று ஒரு பையன் சொன்னான். அவன் பக்கத்தில் ஆள் இல்லை.

“கை எங்க?”

“டாய்லெட் போயிருக்கான் டீச்சர். இங்கதான் இருக்கான்.”

“வரட்டும்.”

எல்லாரும் நின்றோம். தூறல் கொஞ்சம் வலுத்தது. கொசு கடித்தது. பிள்ளைகள் நெளிந்தார்கள், யாரோ சிரித்தார்கள், யாரோ சிரித்தவனைக் கிள்ளினார்கள். அடுத்த பெயரை வாசித்துவிட்டு அவன் வந்ததும் திரும்ப வரலாமே என்று எனக்கே தோன்றியது.

“சோறு ஆறுதுடி,” என்றாள் அக்கா.

“ஆறட்டும்மா.”

அக்கா நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு, கொட்டகைக்குப் பின்னால் இருந்த பாதையை அவளும் பார்க்கத் தொடங்கினாள். பையன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். மொத்தக் கூட்டமும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு நடுவழியில் நின்றுவிட்டான். ஜோடிப் பையன் போய், அவனைத் தோளோடு பிடித்து இழுத்து வந்து நிறுத்தி, கையை எடுக்காமல் சொன்னான்.

“இருக்கான்.”

அவள் அடுத்த பெயரை வாசித்தாள்.

மலரில் அந்த நாள் இருக்கிறது. சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவளே சொன்னாள். ஆனால் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சரிபார்க்காமல் போடக் கூடாது என்றாள். அது நியாயம். விசாரித்தேன். அந்தத் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வுபெற்று இப்போது தெலுக் இந்தானில் இருக்கும் ஒருவர், அப்படி நடக்கவே முடியாது, ஒவ்வொரு குரலும் எனக்குத் தெரியும் என்று கோபித்துக்கொண்டார். அதே தோட்டத்தில் பால் வெட்டிய மூன்று பெண்களைச் சுங்காய் பாசாரில் பிடித்துக் கேட்டேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களே தவிர, ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அத்தானின் சொல்லைத் தவிர வேறு சான்று என்னிடம் கிடையாது. எனவே தோட்டத்துப் பெரட்டில் ஒருத்திக்காக இன்னொருத்தி பதில் கொடுத்தாள் என்பது, இதை எழுதும் நாள்வரை, உறுதிசெய்யப்படாத செய்தி.